மருதப்பன் சொல்லாமல் விற்ற வண்டி

குறை இருப்பது தெரிந்தே ஒரு பொருளை விற்றவன், கை மாறியதும் ‘எனக்கென்ன’ என்று போய்விடலாமா? கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மலைப்பாதையில் மாட்டுவண்டி தவிர வேறொன்றும் போகாத காலம். கருங்குன்றத்தை ஓர் அரசன் ஆண்டான். அந்தக் குன்றின் மேல் பூவாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளும் புருஷன் சடையனும் அம்மி கொத்தி, அடிவாரச் சந்தையில் விற்றுப் பிழைத்தார்கள். தலையில் அம்மி சுமந்து சுமந்து கழுத்தே உள்ளே போய்விட்டது. அதனால்தான் ஒரு பழைய வண்டி வாங்கினார்கள்.

விற்றவன் மருதப்பன். வண்டியையும், அதை இழுத்துப் பழகிய இரண்டு காளைகளையும் சேர்த்தே விற்றான். சந்தை வழக்கப்படி கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரல் பிடித்து விலை பேசினார்கள். துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. வாங்கியவன் திரும்பி வரக்கூடாது.

“பதினொரு வருஷம் ஓட்டினேன். ஒரு முனகல் கிடையாது” என்றான் மருதப்பன்.

மறுவாரம் சடையன் வண்டி நிறைய அம்மி ஏற்றிக்கொண்டு மலை இறங்கினான். முதல் இறக்கத்தில் காளைகள் தாமாக நின்றன. நாக்கைச் சொடுக்கி ஓட்டினான். இரண்டாவது இறக்கத்திலும் நின்றன. வாலை முறுக்கி ஓட்டினான். மூன்றாவது இறக்கத்திலும் நின்றன. சாட்டையால் விளாசினான். பாதி இறங்கும்போது ஒரு சக்கரம் கழன்று தனியாக உருண்டது. அம்மிகள் சரிந்தன. ஒன்று சடையனின் காலை நசுக்கியது.

பூவாயி ஓடிவந்து அச்சைப் பார்த்தாள். சக்கரம் கழலாமல் பிடிக்கும் கடையாணிக்கு உரிய துளை விரிந்து கிடந்தது. ஆணியைச் சுற்றிய இடைவெளியை அரக்கால் அடைத்து, மேலே மை பூசியிருந்தது.

நேரே மருதப்பன் வாசலில் போய் நின்றாள். அங்கே புது வண்டி ஒன்று நின்றது.

“கண்ணால பாத்துத்தானே வாங்கினீங்க? துண்டை எடுத்தப்புறம் வண்டியும் உங்களுது, உடைசலும் உங்களுது” என்றான் அவன். “அரக்கு வெச்சது உங்க வீட்டுக்காரரோ என்னவோ, யாரு கண்டா?”

படுத்துக் கிடக்கிற புருஷன், பசிக்கிற பிள்ளைகள், இதில் பழியும் அவர்கள் மேலேயே. வீட்டுக்கு வந்த பூவாயி, அந்த ஆத்திரத்தோடேயே மாடு கட்டப் புது முளை அடிக்கக் கல்லை எடுத்தாள். டொக், டொக், டொக்.

மூன்றாவது தட்டு விழுந்ததும், பக்கத்தில் கட்டியிருந்த காளைகள் இரண்டும் கழுத்தை நீட்டி நடக்கத் தொடங்கின. கயிறு விறைத்து நின்றது. பூவாயி மறுபடி மூன்று தட்டுத் தட்டினாள். மறுபடியும் நடக்கப் பார்த்தன. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் கோபம் இரண்டு மடங்கானது.

அரசனிடம் போனாள். அரசன் ஆள் அனுப்பி வரவழைத்த மருதப்பன், “நல்ல வண்டியாகத்தான் கொடுத்தேன்” என்றான்.

“அந்த வண்டி உடைந்துபோகும் என்று மருதப்பனுக்கு முன்பே தெரியும் என்கிறாய். சாட்சி உண்டா?” என்று அரசன் கேட்டான்.

“ரெண்டு பேரு இருக்காங்க சாமி. வெளியில புல்லு தின்னுக்கிட்டு நிக்கிறாங்க.”

சபையே சிரித்தது. பூவாயி சிரிக்கவில்லை.

அவள் கேட்டபடி, அரசனின் சொந்த வண்டியில் அந்தக் காளைகளைப் பூட்டிக் கோட்டை இறக்கத்துக்கு ஓட்டினார்கள். இறக்கத்தின் தலைப்பில் காளைகள் நின்றன. வண்டிக்காரன் அதட்டினான், கெஞ்சினான், சாட்டையை ஓங்கினான்.

“அடிக்காதீங்க. அதுங்க மேல ஒரு தப்பும் இல்ல” என்றாள் பூவாயி. கீழே கிடந்த கல்லை எடுத்து, சக்கரத்தின் கடையாணியில் டொக், டொக், டொக் என்று தட்டினாள். காளைகள் நிதானமாக இறங்கிப் போயின.

அரசன் மருதப்பன் பக்கம் திரும்பினான். “நல்ல வண்டி என்றாயே. அப்புறம் எதற்கு, மாடே பழகிப்போகும் அளவுக்கு, இறக்கத்துக்கு இறக்கம் கடையாணியைத் தட்டி இறுக்கினாய்?”

பூவாயி மருதப்பன் முன்னால் போய் நின்றாள்.

“உங்க கால் மேல உங்களுக்கு எவ்வளவு அக்கறை. ஒரு இறக்கத்துல கூடத் தட்டாம விட்டதில்ல. ‘மூணு தட்டு தட்டிட்டு இறங்குங்க’ன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா? வாயில்லாத மாடு, அது மூணு தடவை நின்னு சொல்லுச்சு. அதைப் போய் அடிச்சோமே.”

அரசன் சொன்னான்: “துண்டு போடுவது விலையை மறைக்க. குறையை மறைக்க அல்ல. மருதப்பா, நீ புதிதாக வாங்கிய வண்டியை இவளுக்குக் கொடு. சடையன் எழுந்து நடக்கும்வரை நீயே அம்மி ஏற்றி, நீயே ஓட்டு.”

தன் பொருளின் குறையைத் தெரிந்தும் சொல்லாமல் விற்றவன், அது யார் கையில் போய் உடைந்தாலும் அதற்குத் தானே பொறுப்பு.

மறுநாள் காலை மருதப்பன் புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பூவாயி அதை ஒரு சுற்று சுற்றி வந்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். பிறகு ஓர் அம்மியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, அவசரமில்ல. இந்த வண்டியில என்னென்ன கோளாறு இருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க.”