போதும் என்று சொன்ன பெட்டி

ஒரு மலையடிவாரத்து ஊரில் ஒரு டீசல் இன்ஜின் இருந்தது. ஒரு பிக்கப் வண்டியின் மூக்குக்குள் இருந்தது என்று சொல்வதுதான் சரி. ஆனால் இன்ஜினுக்கு வண்டியே தன்னுடையது என்று நினைப்பு.

அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியது. இன்ஜினுக்கு எவ்வளவு டீசல் விடலாம் என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. இன்ஜின் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு கிளம்பினால் உடனே தடுத்துவிடும்.

"எனக்குள்ள இன்னும் எவ்வளவோ கிடக்கு. விடேன்."

"கிடக்கட்டும். போதும்."

"உனக்குப் பொறாமை."

"இருந்துட்டுப் போகுது. போதும்."

பொழுதுக்கும் இதே சண்டைதான். கியர்பாக்ஸ் கேட்டுக் கேட்டுச் சிரிக்கும். நடுவில் இருந்த கிளட்ச் மட்டும் சிரிக்காது. ஒரு கையால் இன்ஜினையும் மறு கையால் கியர்பாக்ஸையும் பிடித்துக்கொண்டிருப்பதற்கே அதற்கு நேரம் சரியாக இருந்தது. எப்போதாவது அது முணுமுணுக்கும். இன்ஜின் போடுகிற கூச்சலில் அது பெட்டியின் காதில் மட்டும்தான் விழும்.

வண்டிக்காரர் சடையப்பன். மலைமேல் வீடு கட்டுகிறவர்களுக்கு சிமெண்ட் ஏற்றிப் போவது அவர் பிழைப்பு. அந்த வேலைக்கு ஊரில் நாலு பிக்கப்புகள்; நாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் மலை ஏறும். கொண்டை ஊசி வளைவில் ஒன்று நின்றுபோனால், பின்னால் வருகிறவர் இறங்கி ஓடிவந்து அதன் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். நின்ற வண்டிக்காரர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாதே. கடைசி வண்டிக்குப் பின்னால் ஆள் கிடையாது என்பதால் அதற்குப் பாரம் குறைவு. யார் கடைசி என்பது முறை வைத்து மாறும்.

சடையப்பனுக்கு இந்த வரிசை அலுத்துப்போயிற்று. கூட ஓட்டுகிற மாதையனின் ஓட்டை வண்டிக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டே எத்தனை நாள் ஏறுவது? ஒருநாள் நேராகப் பட்டறைக்குப் போனார்.

பட்டறைக்கார நவாஸ் சொன்னான்: "கம்பெனிக்காரன் கட்டிப்போட்டு வச்சிருக்கான். அவுத்து விட்டுர்றேன். ஆனா கிளட்சையும் மாத்திருங்கண்ணே. பழசு தாங்காது."

"அது நல்லாத்தானய்யா இருக்கு. அப்புறம் பாத்துக்கலாம். நீ முதல்ல அவுத்து விடு."

நவாஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து பெட்டியில் வயரைச் செருகினான். பெட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏப்பா, கேளு," என்றது இன்ஜினிடம் அவசரமாக. "நான் போதும்னு சொன்னதெல்லாம் எனக்காக இல்ல. அந்தக் கிளட்ச்..."

அதற்குள் வேலை முடிந்துவிட்டது. பெட்டியிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்தான்.

"இன்னும் கொஞ்சம் விடேன்," என்றது இன்ஜின்.

"ஆகட்டும்," என்றது பெட்டி.

"இன்னும்?"

"ஆகட்டும்."

அன்றைக்கு இன்ஜினுக்குத் தலைகால் புரியவில்லை. மாதையன் வண்டியை முதல் வளைவுக்கு முன்பே தாண்டியது. சிமெண்ட் மூட்டை பஞ்சு மூட்டை மாதிரி ஏறியது. சடையப்பன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ரோடு காலியாகக் கிடந்தது. வாய்விட்டுச் சிரித்தார்.

மேலே போனால் பேச ஆளில்லை. முன்பெல்லாம் நாலு பேரும் டீக்கடையில் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது சடையப்பன் தனியாகக் குடித்தார். மற்றவர்கள் வந்து சேருவதற்குள் மூட்டையை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். நாளடைவில் அவருக்கு டீயே பிடிக்காமல் போயிற்று.

இன்ஜினுக்கும் அதே கதிதான்.

"இன்னைக்கு எப்படி ஏறினேன்?"

"ஆகட்டும்."

"என் மேல கோவமா?"

"ஆகட்டும்."

சூட்டில் வெந்துகொண்டிருந்த கியர்பாக்ஸ் சிரிப்பதையே மறந்துவிட்டது. இவ்வளவு வேகமும் இருந்து என்ன, சண்டை போடக்கூட ஒரு நாதியில்லை. இன்ஜினுக்கு அழுகை வரும் போலிருந்தது.

மழை தூறிய ஒரு நாள், நடுமலையில், செங்குத்தான ஒரு வளைவில் ஏதோ கருகுகிற வாடை வந்தது.

"என்னால முடியல," என்றது கிளட்ச்.

அதன் குரலை இன்ஜின் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டது.

"கையை விட்டுராத," என்றது இன்ஜின். "இன்னும் கொஞ்ச தூரம்தான்."

பிடித்துக்கொள்ளக் கிளட்சுக்குக் கை மிச்சமில்லை. இன்ஜின் தன் பலத்தையெல்லாம் கூட்டி உறுமியது. மலையே அதிர்ந்தது. சக்கரம் மட்டும் அசையவில்லை. அசைந்தபோது பின்பக்கமாக அசைந்தது.

சடையப்பன் பிரேக்கை மிதித்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், அத்தனை பாரத்தை அது தாங்கவில்லை. காலை எடுத்தால் வண்டி பள்ளத்துக்குப் போய்விடும். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அதே காலி ரோடு. ஹாரனை அடித்தார். பள்ளத்திலிருந்து அதே ஹாரன் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

"நான் ஓடினாத்தான பிரேக்குக்குப் பலம்? இப்ப அணைஞ்சுட்டா அவருக்குப் பிரேக் பிடிக்காதுல்ல?" என்று கேட்டது இன்ஜின்.

"ஆகட்டும்," என்றது பெட்டி.

இன்ஜின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மெல்ல, விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சடையப்பனின் தொடை நடுங்கத் தொடங்கியது. மிதித்த காலின் மேல் இன்னொரு காலையும் வைத்து அழுத்தினார். பெண்டாட்டி, பிள்ளை, எல்லாம் கண்முன் வந்து போனது.

வெகுநேரம் கழித்துத்தான் கீழே புகை தெரிந்தது. மாதையனின் ஓட்டை வண்டி முக்கி முனகி ஏறி வந்தது. மாதையன் இறங்கி, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சக்கரத்துக்கு அடியில் வைத்துத் தட்டினார்.

"காலை எடுங்கண்ணே. வச்சாச்சு."

சடையப்பனால் உடனே எடுக்க முடியவில்லை. மாதையன் கதவைத் திறந்து, அவர் முழங்காலைப் பிடித்து மெல்லத் தூக்கிவிட்டார். மற்ற வண்டிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். யாரோ கயிறு எடுக்கப் போனார்கள். சடையப்பன் சாவிக்குக் கை நீட்டினார்.

அணைவதற்கு முன் இன்ஜின் பெட்டியிடம் கெஞ்சியது:

"ஒரே ஒரு தடவை, பழைய மாதிரி, போதும்னு சொல்லேன்."

"ஆகட்டும்," என்றது பெட்டி.