இரண்டு கட்டைகளுக்கு நடுவே

ஸ்பெயின் தேசத்து நாட்டுப்பாடல்களைப் பியானோவுக்கு ஏற்றபடி அமைத்து வாசித்துவந்தார் பெரியவர் எவரிஸ்தோ. அவரிடம் பாடம் கேட்டவன் பசிலியோ.

பசிலியோ மலையடிவாரத்துக் கிராமத்தான். நகரத்துக்கு வந்தபின் சொந்த ஊரைப் பற்றி மூச்சுவிட மாட்டான். ஆனாலும் அந்த ஊர்க் களத்துப் பாட்டைத்தான் பியானோவுக்கு அமைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை நகரத்து அரங்கில் அவனுடைய முதல் கச்சேரி.

"ஐயா, அந்தப் பாட்டை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்."

"ஏன்?"

"கோவேறு கழுதையை ஓட்டிப் போரடிப்பவன் ஒவ்வொரு அடியின் கடைசியிலும் 'ஆய்' என்று இழுப்பான். அந்தச் சுரம் வெள்ளைக் கட்டையிலும் இல்லை, கருப்புக் கட்டையிலும் இல்லை. நடுவில் எங்கோ இருக்கிறது. அதை எப்படி வாசிப்பது?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இங்கே கூடம் உண்மையிலேயே கோணல்தான். பியானோவில் அந்தச் சுரம் கிடையாது.

"வண்டியைக் கட்டு," என்றார் எவரிஸ்தோ.

பியானோவை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவனுடைய ஊருக்கே போனார்கள். ஊர் முழுக்கக் களத்தில் இருந்தது. பசிலியோ வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான்.

பெரியவர் வண்டியிலேயே உட்கார்ந்து அவன் அமைத்தபடி வாசித்தார். அந்தச் சுரம் வரவேண்டிய இடத்தில் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

மறந்துவிட்டாரா? ஊரார் முன்னால் மானம் போயிற்று என்றே பசிலியோ நினைத்தான்.

வைக்கோலை உதறிக்கொண்டிருந்த ஒருவன் தலை நிமிராமலே "ஆய்" என்று இழுத்தான். அடுத்த அடியில் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த அடியில் களமே பாடியது. குரல்கள் ஓய்கிற இடத்தில் பெரியவரின் விரல்கள் வந்து இறங்கின. குரல் எங்கே முடிந்தது, பியானோ எங்கே தொடங்கியது என்று பிடிபடவே இல்லை. பசிலியோ பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டுதான். அது இவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரியாது.

அந்தக் களத்தில் வாய் திறக்காதவன் அவன் ஒருவன்தான்.

திரும்பும் வழியில் அவன் கேட்டான்.

"ஐயா, அவர்கள் பாடாமல் இருந்திருந்தால்?"

"நீ அமைத்தது அவர்கள் பாட்டு இல்லை என்று தெரிந்திருக்கும். பியானோவை மூடிக்கொண்டு வந்திருப்பேன்."

"ஞாயிற்றுக்கிழமை அரங்கில் இருப்பவர்களுக்கு இந்தப் பாட்டே தெரியாது. நான் கையைத் தூக்கினால் அங்கே யார் பாடுவார்கள்?"

எவரிஸ்தோ அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எந்த ஊர்க்காரன்?"