தணிகாசலத்துக்கு மூணு ஜோடி பூட்ஸு

ஒரு மலையடிவாரத்து ஊர்ல ஒரு பெரிய மனுஷன் இருந்தாரு. பெரிய மனுஷன்னு ஊரு சொல்லல, அவரேதான் சொல்லிக்கிட்டாரு. பேரு தணிகாசலம். ஒரு ரைஸ் மில்லு, வாசல்ல ஒரு காரு, கூடத்துல ஒரு ஊஞ்சலு. ஊஞ்சல்ல இருந்து எறங்கினா காரு, கார்ல இருந்து எறங்கினா மில்லு நாக்காலி. அந்தக் கால் பாத்த உலகம் அவ்ளோதான். கேக்கறியா? எங்க, ம் கொட்டு.

ம். அப்படி.

அவருக்கு ஒரே பொண்ணு, சுகந்தி. நர்ஸுக்குப் படிச்சவ. மலைக்கு அந்தப் பக்கம் தேன்கொம்புன்னு ஒரு குட்டி ஊரு, ரோடு கெடையாது, அங்க ஆஸ்பத்திரியில வேலை. வேலைக்குப் போன பொண்ணு அங்க இருந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதேஷைப் பாத்து, கட்டினா இவரைத்தான்னுட்டா. தணிகாசலம் ஆறு மாசம் தையத்தக்கா தையத்தக்கான்னு குதிச்சாரு. பொண்ணு அசையவே இல்ல. முகூர்த்தம் குறிச்சாச்சு. மலைமேல மாப்பிள்ளை ஊர்லயே, காலையில பத்தரைக்கு.

"நான் வரமாட்டேன்"னாரு தணிகாசலம்.

அவரு பொண்டாட்டி மரகதம் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. தலையைக்கூடத் தூக்கல. "சரிங்க. நீங்க வரலேன்னா தான் ஒக்காந்து தாரை வார்த்துக் குடுக்கறேன்னு என் தம்பி பரமகுரு சொல்லிட்டான்."

ஊஞ்சல் டக்குனு நின்னுபோச்சு.

பரமகுருன்னா இவருக்கு மச்சினன். ரெண்டு பேருக்கும் இருபது வருஷமா ஆகாது. எதுக்கு ஆகாதுன்னு கேட்டா ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல, ஆனா ஆகாது. "என் பொண்ணை அவன் தாரை வாக்கறதா? என் எடத்துல அவன் ஒக்கார்றதா? நான் போறேன்டி! பத்தரைக்கு முன்னாடி அங்க நிக்கறேன் பாரு!"

ஆனா உள்ளுக்குள்ள என்னன்னா கண்ணு, அவருக்குப் பொண்ணு மேல உசுரு. அதை வெளியில சொன்னா கௌரவம் கொறைஞ்சிடும்னு மச்சினன் பேரைச் சொல்லிக் கத்தினாரு. சில பேருக்குப் பாசம்கூட கோவமாத்தான் வரும். என்ன பண்றது, ஜென்மம் அப்படி.

சரி, போறதுன்னா எப்படிப் போறது? நாலு மணி நேரம் நடக்கணும். இந்தப் பக்கம் ஏத்தம், அந்தப் பக்கம் எறக்கம். வழியெல்லாம் கல்லு, முள்ளு, போதாக்குறைக்கு அட்டைப்பூச்சி. இவரு காலோ பஞ்சு மாதிரி. அப்போ கணுக்கால் வரைக்கும் மூடற மலையேற்ற பூட்ஸு வாங்கணும்னு முடிவாச்சு. கடைவீதியில லூர்தம்மான்னு ஒருத்தங்க பூட்ஸுக் கடை வச்சிருந்தாங்க. காட்டுக்குப் போறவங்க எல்லாம் அங்கதான் வாங்குவாங்க.

"நேர்ல போய் அளவு குடுத்துட்டு வாங்களேன்"னாங்க மரகதம்.

"நானா? ஒரு கடைக்குப் போயி, ஒரு பொம்பளை முன்னாடி காலை நீட்டிக்கிட்டு ஒக்கார்றதா? குச்சியில அளவெடுத்து அனுப்பு!"

அப்போ மரகதம் விளக்குமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, அவரு ஊஞ்சல்ல படுத்திருக்கும்போதே குதிகால்ல இருந்து கட்டைவெரல் வரைக்கும் வச்சு, படக்குனு ஒடிச்சாங்க. மில்லு வாச்மேன் வீராசாமி அந்தக் குச்சியைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனாரு.

லூர்தம்மா குச்சியைப் பாத்தாங்க, வீராசாமியைப் பாத்தாங்க. "கால் எங்க?"

"கால் வராதுங்க. குச்சிதான் வரும்."

"அப்போ மலையேறப் போறது குச்சியா? குச்சிக்கு நீளம் இருக்கு, அகலம் எங்க இருக்கு? படுத்திருக்கிற கால் வேற, நிக்கற கால் வேறய்யா."

வீராசாமி என்ன பண்ணுவாரு பாவம். குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டாரு.

மறுநாள் தணிகாசலம் பூட்ஸைப் போட்டுக்கிட்டுத் தெருவுல பழகறதுக்கு எறங்கினாரு. கிரீச்... கிரீச்... கிரீச்... நாலு வீடு தாண்டினாரு, மூஞ்சி செவந்துச்சு. எட்டு வீடு தாண்டினாரு, மூஞ்சி வெளுத்துச்சு. பிள்ளையார் கோயில் வந்ததும் அப்படியே ஒக்காந்துட்டாரு. பக்தின்னு நெனைச்சு ஐயர் துன்னூறு குடுத்தாரு! ஆட்டோவுல போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. கழட்டிப் பாத்தா கட்டைவெரல் நகம் நாவப்பழம் கலர்ல இருக்கு.

"கடிச்சிடுச்சா?"ன்னாங்க மரகதம்.

"விளக்குமாறு சரியில்ல"ன்னாரு. சிரிக்காதே! நெசமா அப்படித்தான் சொன்னாரு.

அப்புறம் நகம் கொஞ்சம் ஆறினதும், "சின்னதுதானே பிரச்சனை? இருக்கறதுலயே பெரிய சைஸா வாங்கிட்டு வாடா வீராசாமி"ன்னாரு. லூர்தம்மா தலையில அடிச்சுக்கிட்டு ஒரு ஜோடி குடுத்தாங்க. அதுக்குள்ள ஒரு பூனை குட்டி போடலாம், அவ்ளோ பெருசு. இவரு விடுவாரா? முன்னால பஞ்சை அடைச்சாரு, பின்னால பழைய வேட்டியைக் கிழிச்சுத் திணிச்சாரு. வாய்க்கா மேட்டுல ஏறிப் பழகப் போனாரு.

டபக்... டபக்... டபக்... முதல்ல கால் போகும், கொஞ்சம் யோசிச்சிட்டு பூட்ஸு போகும். குதிகால் ஏறி எறங்கி, ஏறி எறங்கி, தேஞ்சு கொப்பளம் போட்டுடுச்சு. வாய்க்கா ஓரத்துல சேறு. அதுல கால் வச்சாரு. கால் வெளிய வந்துச்சு, பூட்ஸு வரல. தணிகாசலம் சேத்துல சதக்குனு ஒக்காந்துட்டாரு. அங்க ஒரு எருமை மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அசை போடறதை நிறுத்திட்டு அவரையே பாத்துச்சு.

வீட்டுக்கு வந்து என்ன சொன்னாருங்கறே? "எருமை கண்ணு பட்டுடுச்சு."

ம்... கண்ணு சொக்குதா? இரு இரு, இன்னும் ஒரு ஜோடிதான்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி. வேற வழியில்லாம இந்தத் தடவை தணிகாசலம் தானே கடைக்குக் கெளம்பினாரு. ஆனா எப்போ? காலண்டரைக் கிழிச்சுப் பாத்து, நல்ல நேரம் பாத்து, காலையில ஏழு மணிக்கு! கடைப் பலகையைக் கூட இன்னும் எடுக்கல. லூர்தம்மா வாயில பிரஷ்ஷோட வந்து நின்னாங்க.

"அய்யா, பூட்ஸு வாங்க காலங்காத்தால வரலாமா? தூங்கி எழுந்த கால் ஒடுங்கி இருக்கும். நடக்க நடக்க வீங்கும். நல்லா ஒரு நடை நடந்துட்டு, சாயங்காலமா வாங்க. தடி சாக்ஸு போட்டுக்கிட்டு வாங்க."

"அந்தி நேரத்துல பூட்ஸு வாங்கினா வெளங்குமா? இது நல்ல நேரம். எடு!"

லூர்தம்மா எடுத்தாங்க. அவரு ஒக்காந்தபடியே வெறுங்கால்ல போட்டுப் பாத்தாரு. ஆஹா! அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு.

"எந்திரிச்சு இந்தச் சரிவுப் பலகையில நின்னு பாருங்கய்யா. எறங்கும்போது வெரல் முன்னால இடிக்கக்கூடாது. ஒரு வெரக்கடை எடம் வேணும்."

"ஏம்மா, நான் என்ன கொரங்கா, பலகை மேல ஏறி ஆட்டம் காட்டறதுக்கு?"ன்னாரு. வாங்கிட்டு வந்துட்டாரு. அவசரத்துல பழகிக்கூடப் பாக்கல. பழகினா பழசாயிடுமாம், கல்யாணத்துக்குப் புதுசா போடணுமாம்.

அப்புறம் கல்யாண நாள் வந்துச்சு. விடிஞ்சதும் ரெண்டு பேரும் கெளம்பினாங்க. தணிகாசலம் பட்டு வேட்டி, கீழ தடி சாக்ஸு, புது பூட்ஸு. மரகதம் பட்டுச்சேலை, கீழ அவங்க பழைய ரப்பர் செருப்பு. ஏறும்போது ஜம்முனு போனாரு. தொம் தொம் தொம்! "பாத்தியாடி? நல்ல நேரத்துல வாங்கினா இப்படித்தான்." மரகதம் சளக் சளக்னு போய்க்கிட்டே இருந்தாங்க.

உச்சியில நின்னு பாத்தா, கீழ தேன்கொம்பு தெரியுது. பந்தல் தெரியுது, வாழை மரம் தெரியுது. மணி ஒம்போது. அப்பாடான்னு எறங்க ஆரம்பிச்சாரு.

டொக்.

வெரல் முன்னால இடிச்சுது. டொக். டொக். டொக். ஒவ்வொரு அடிக்கும் பத்து வெரலும் செவுத்துல முட்டற மாதிரி முட்டுது. கால் வேற வெயில்ல பூரி மாதிரி உப்பிடுச்சு. அம்பது அடிக்கு ஒருதரம் ஒக்காந்தாரு, அப்புறம் இருபது அடிக்கு ஒருதரம், அப்புறம் பத்து அடிக்கு ஒருதரம்.

"நான் புடிச்சுக்கறேங்க, வாங்க"ன்னாங்க மரகதம்.

"என்னை என்ன கெழவன்னு நெனைச்சியா? நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வரேன்."

அந்தம்மா போய்ட்டாங்க. இவரு பூட்ஸைக் கழட்டலாம்னு பாத்தா, வீங்கின கால் வருவேனாங்குது. இழுத்தாரு. உம்ம்ம்... வரல. பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தாரு. உம்ம்ம்... வரல. கீழ இருந்து கெட்டி மேளம் கேக்குது, பீப்பீ டும் டும், பீப்பீ டும் டும். "ஐயோ, என் பொண்ணு! சுகந்தி, நிறுத்தும்மா, அப்பா வந்துட்டேன்!"னு கத்தினாரு. மேளச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? வாய்விட்டு அழுதுட்டாரு கண்ணு. அழுதுக்கிட்டே மூணாந்தரம் இழுத்தாரு. பொளக்!

வெறுங்கால்ல கல்லு மேல ஆ, ஊ, ஐயோன்னு தத்தித் தத்தி அவரு பந்தலுக்கு வந்து சேர்றதுக்குள்ள மணி பதினொண்ணு. தாலி ஏறிடுச்சு. அவரு ஒக்கார வேண்டிய மணையில பரமகுரு ஒக்காந்திருந்தாரு. தாரை வார்த்த தண்ணி தாம்பாளத்துல இருந்துச்சு. அதைப் பாத்தாரு. பக்கத்துல கெடந்த ஒரு நாக்காலியில ஒக்காந்துட்டாரு.

அப்போ சுகந்தி அப்பாவைப் பாத்துட்டா. மாலையும் கழுத்துமா மாப்பிள்ளையை இழுத்துக்கிட்டு ஓடி வந்தா. ரெண்டு பேரும் ஆசீர்வாதம் வாங்கறதுக்குக் குனிஞ்சு அவரு காலைத் தொடப் போனாங்க.

"தொடாதீங்க!"ன்னு ஒரே கத்து. காலை வெடுக்குனு உள்ள இழுத்துக்கிட்டாரு.

மேளம் நின்னுபோச்சு. குனிஞ்ச பொண்ணு அப்படியே குனிஞ்சபடி இருக்கா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "இன்னுமாப்பா உங்களுக்குக் கோவம்? அதான் வேணும்னே லேட்டா வந்தீங்களா? ஆசீர்வாதம்கூட பண்ணமாட்டீங்களா?"

தணிகாசலம் சுத்தி முத்தி பாத்தாரு. பழி போட அங்க விளக்குமாறு இல்ல, எருமை இல்ல. பரமகுரு மட்டும் எதிர்ல நிக்கறாரு. மூணு தெரு ஜனம் காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது. இப்போ சொன்னா மானம் போகும். சொல்லலேன்னா பொண்ணு போயிடுவா.

"கோவம் இல்லம்மா"ன்னாரு. "கால் வலிக்குது."

"என்னப்பா?"

"பூட்ஸு கடிச்சிடுச்சும்மா. சைஸு தப்பு. அந்தக் கடைக்காரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க, நான் கேக்கல. உன் கல்யாணத்தை என் கண்ணால பாக்காமப் போய்ட்டேன். முழுக்க என் தப்புதான்." சொல்லிட்டு ரெண்டு காலையும் நீட்டிக் காட்டினாரு. கொப்பளமும் நீலமுமா, அதைப் பாக்க சகிக்கல.

அப்புறம் பரமகுருதான் முதல்ல கொல்லுனு சிரிச்சாரு. பந்தலே சிரிச்சுது. மேளக்காரர் நாயனத்தைக் கீழ வச்சுட்டு வயித்தைப் புடிச்சுக்கிட்டாரு. சுகந்தி அழுதுக்கிட்டே சிரிச்சா. வெந்நியில உப்புப் போட்டு ஒரு குண்டான்ல கொண்டு வரச்சொல்லி, பட்டுச்சேலையோட மண்ணுல ஒக்காந்து, அப்பா காலை அதுல எறக்கினா.

"ஆசீர்வாதம்?"னாரு மாப்பிள்ளை மெதுவா.

"தலையைக் காட்டுங்க மாப்ள, கால் பக்கம் மட்டும் வராதீங்க"ன்னாரு தணிகாசலம். ரெண்டு பேர் தலையிலயும் கையை வச்சாரு. வச்ச கையை ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல.

ம் சத்தத்தையே காணோமே? தூங்கிட்டியா? சரி, கதை மலை எறங்கிடுச்சு. நீயும் காலை நல்லா நீட்டிக்கிட்டுத் தூங்கு.