பூவரச இலையைத் தைத்த சிட்டு

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின, மரங்கள் பதில் சொன்னன. இலையைத் துளைப்பது மட்டும் பெருங்குற்றம். துளை விழுந்த இலை உதிர்ந்துவிடும் என்று மரங்கள் சொல்லிவைத்திருந்தன. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

கூரி என்ற குட்டிச் சிட்டு பூவரச இலையைச் சுருட்டி, விளிம்பைச் சிலந்தி நூலால் ஒட்டிக் கூடு கட்டுவாள். காற்றடித்தால் ஒட்டு விட்டுப்போகும். கூடு வாயைப் பிளந்ததும் செம்போத்து வந்து முட்டைகளை விழுங்கிவிட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். மறுபடி முட்டையிடும் நாள் நெருங்க, கூரிக்கு அழுகை அழுகையாக வந்தது.

"இந்தத் தடவையும் எனக்குத்தானே?" என்று கேட்டது செம்போத்து. "சும்மா சொல்லக் கூடாது, உங்க வீட்டுச் சாப்பாடு நல்லாத்தான் இருக்கு."

கூரி நேரே பூவரசிடம் போனாள்.

"அண்ணே, உங்க இலையை மூக்கால குத்தப் போறேன்."

"புத்தி கெட்டுப்போச்சா? இலை விழுந்தா முட்டையும்ல சேந்து விழும்?"

"விழாட்டியும் அந்தச் செம்போத்து தின்னுரும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

 பூவரசு ஒரு கிளையைத் தாழ்த்திக் கொடுத்தது. "சரி, குத்து."

கூரி கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். மூக்கு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. இலை ஒருமுறை சிலிர்த்தது. பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். இலை பச்சை மாறாமல் அப்படியே நின்றது.

பஞ்சைத் திரித்துத் துளைக்குள் நுழைத்தாள். இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முடிச்சுப் போடச் சிட்டுக்கு ஏது கை? ஆத்திரத்தில் நூலின் நுனியைக் கடித்துக் குதறினாள். குதறிய நுனி உப்பிக்கொண்டது. இப்போது இழுத்தபோது துளையில் சிக்கி நின்றது. கூரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விளிம்பு நெடுகக் குத்தினாள், கோத்தாள், குதறினாள்.

ஆடிக் காற்று மரத்தையே உலுக்கியது. தையல் விடவில்லை. மற்ற இலைகளோடு கூடும் ஒரு பச்சை இலையாக ஆடிக்கொண்டிருக்க, செம்போத்து அதன் அடியிலேயே பலமுறை நடந்துபோனது. தேடித் தேடிக் கண் சிவந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் காலையில் குஞ்சுகள் செம்போத்தின் தலைக்கு மேலே பறந்துபோயின. கூரி கிளை நுனியில் ஏறி நின்று, இத்தனூண்டு உடம்பில் இருந்த மொத்தக் குரலையும் எடுத்துக் கத்தினாள்.

அன்று முதல்தான் தையல்சிட்டு பச்சை இலையைத் துளைத்துக் கூடு தைக்கிறது, ஊருக்கே கேட்கும்படி கத்துகிறது. செம்போத்தின் கண் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.