கட்டைவிரல் பதித்த பானை

மலையடிவாரத்து மடத்தில் மங்கையர்க்கரசி அம்மையாரிடம் சீடராகச் சேர்ந்தபோது திருமேனிக்கு வயது அறுபத்தொன்று. அம்மையாரைவிடப் பதினைந்து ஆண்டு மூத்தவர். நெற்கிடங்கில் நெடுங்காலம் காவல் மேற்பார்வை பார்த்தவர். மடத்துத் தோட்டத்து மொச்சைப் பந்தல் அவர் பொறுப்புக்கு வந்தது.

அது செவ்வரி மொச்சை. வெள்ளை விதையில் சிவப்புக் கோடு ஓடும். அந்தப் பந்தலைத் தவிர வேறெங்கும் அவ்விதை இல்லை.

மாசியில் காய்கள் கொடியிலேயே உலர்ந்து சலசலத்தன. திருமேனி பறித்துத் தட்டி, விதையை முற்றத்தில் குவித்தார். மடத்தில் சமைக்கும் செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, நாலு வெயில் காட்டுங்க. அப்புறம் சாம்பல்ல பெரட்டி வைங்க."

"உன் கண்ணெதிரே பரப்பி வைக்கவா? நன்றாயிருக்கிறது!"

அன்று மாலையே விதையைப் பானையிலிட்டு, வாயைக் களிமண்ணால் பூசி, ஈரம் உலருமுன் தம் கட்டைவிரலை அழுத்திப் பதித்தார். நிமிர்ந்தபோது, வீட்டுக்குப் புறப்பட்ட செங்கமலத்தின் முந்தானை முடிச்சு புடைத்திருந்தது.

நேரே அம்மையாரிடம் போனார்.

"அம்மா, அவள் திருடுகிறாள். இன்றே வேலையை விட்டு நிறுத்திவிடுங்கள்."

"பார்த்தீர்களா?"

"முடிச்சைப் பார்த்தேன்."

"அவிழ்த்துப் பார்த்தீர்களா?"

"எத்தனை முடிச்சுகளைப் பார்த்தவன் நான்! அவிழ்க்க வேண்டுமா என்ன?"

"விதைக்கும் நாள் வரட்டும். பானையைத் திறந்தபின் முடிவு செய்வோம்."

அன்றிலிருந்து நாள்தோறும் பானையருகே குனிந்து, களிமண் ரேகையைத் தம் விரலோடு ஒப்பிட்டுப் பார்த்தார் திருமேனி.

ஆடியில் மழை இறங்கியது. பானையைச் சுமந்து வந்து அம்மையார் முன் வைத்தார்.

"பாருங்கள், ரேகை அப்படியே இருக்கிறது. ஒருத்தரும் நெருங்கவில்லை!"

களிமண் பூச்சை உடைத்தார். உள்ளே சாம்பல் நிறத் தூள். விதைக்கு விதை துளை. வண்டுகள் அவர் மணிக்கட்டில் ஏறின.

"யார் விட்டது இதை?" அவர் கண் அடுக்களைப் பக்கம் போயிற்று.

"கொடியிலேயே வந்திருக்கும்," என்றார் அம்மையார். " வெயில் கண்டால் செத்துப்போகும். நீங்கள் வெயில் படாமல் காத்தீர்கள்."

திருமேனி தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்படியானால் செவ்வரி மொச்சை இனி இல்லையா?"

அம்மையார் செங்கமலத்தை அழைத்தார். "அறுவடையன்று முந்தானையில் என்ன கொண்டுபோனாய்?"

அவள் தலை குனிந்தாள். "ரெண்டு கை மொச்சைம்மா. ஐயா காயவே வைக்கலையே, வண்டு விழுந்துடுமேன்னு எடுத்தேன். கேட்டா குடுப்பாரா? ஒரு கையைக் குழம்பு வச்சுட்டோம். இன்னொரு கையைக் கூரைமேல காய வச்சு, சாம்பல்ல போட்டு வச்சிருக்கேன்."

திருமேனி துள்ளி எழுந்தார். "நான் சொல்லவில்லையா? திருடியிருக்கிறாள்!"

"ஆம், நீங்கள் சொன்னது சரிதான். அவளோடு போய் விதையை வாங்கி வாருங்கள்."

வாசல்வரை சென்றவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஒரு கைதான் மிச்சம் என்று அவள் சொல்வதை எப்படி நம்புவது? அங்கே நான் எதை வைத்துச் சரிபார்ப்பேன்?"

அம்மையார் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தார்.

"அது அங்கே உதவாது. அவளிடம் உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள்."