ஐம்பதாவது ஆள்

ஒரு நாட்டுல சட்டம் போடறதுக்குன்னே ஒரு பெரிய சபை இருந்துச்சாம். ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்பின ஐந்நூறு பேர் அதுல உக்காருவாங்க. ம் சொல்லு கண்ணு, இல்லேன்னா நிறுத்திடுவேன்.

அதுல மரியசெல்வின்னு ஒருத்தி, தீவுலேர்ந்து ஜெயிச்சு வந்தவ. அவ ஊர்ல யாருக்காவது உடம்பு முடியலேன்னா கரைக்குக் கொண்டுபோக மீன்பிடி வள்ளம்தான். அதனால ஒவ்வொரு தீவுக்கும் ஒரு ஆஸ்பத்திரி படகு வேணும்னு மசோதா எழுதினா. மசோதான்னா, சட்டமாகறதுக்கு முன்னாடி இருக்கிற காகிதம்.

மந்திரி மசோதான்னா உடனே எடுப்பாங்க. மத்தவங்களுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான், அதுவும் சீட்டுக் குலுக்கி. கலகலன்னு குலுக்கினாங்க, வேற பேரு. அப்புறம் குலுக்கினாங்க, அப்பவும் வேற பேரு. மூணாவது தடவை அவ பேரு. ஆனா அதுதான் கடைசி வெள்ளி. அடுத்து தேர்தல். சபை கலைஞ்சா மசோதாவும் போச்சு.

ம்... கேக்கறியா?

வெள்ளிக்கிழமையாச்சே, பெரும்பாலான பேரு பெட்டியோட ரயிலேறிட்டாங்க, மீதியில பாதி கேன்டீன்ல. ஐம்பது பேராவது இல்லேன்னா சபை நடக்காது. ஆனா யாராவது உள்ள நின்னு கேட்டாத்தான் எண்ணுவாங்க. படகே வேண்டாம்னு இருந்தவர் திருவேங்கடம், ஆளுங்கட்சிக்காரர். வாசல்ல நின்னு எட்டிப் பார்த்து எண்ணினார். நாப்பத்தொம்பது. குடுகுடுன்னு தன் இடத்துக்கு வந்து, ஆள் பத்தலைன்னார்.

வெளிய இருக்கிறவங்களைக் கூப்பிட டிரிங் டிரிங்னு மணி அடிச்சுது. ஒருத்தரும் வரலை. செயலாளர் எண்ணி, ஐம்பதுன்னார்.

"நாப்பத்தொம்பதுதானே?"

"உங்களோட ஐம்பதுங்க," அப்படின்னார் சபாநாயகர்.

வெளிய போனா அவரால எண்ணச் சொல்லிக் கேக்க முடியாது, உள்ள இருந்தா ஐம்பது. மத்தவங்களுக்குக் கேக்க மனசு வரலை. சபை கொல்லுன்னு சிரிச்சுது.

அப்போ ஓட்டு. ஆமாங்கிறவங்க ஆமான்னாங்க. திருவேங்கடம் போட்ட "இல்லை"யில கண்ணாடி கிடுகிடுன்னுச்சு. சத்தத்தை வெச்சு இல்லைதான் ஜெயிச்சுதுன்னார் சபாநாயகர். மரியசெல்வி எழுந்து, தலையை எண்ணச் சொல்லிக் கேட்டா. திரும்ப மணி, கதவு டமால். எண்ணினா ஆமா முப்பத்தொண்ணு, இல்லை பதினெட்டு. ஐம்பதுல ஒருத்தரான சபாநாயகர் ஓட்டுப் போடமாட்டார். தொண்டைக்குப் பத்து ஆள் பலம் இருந்தாலும் தலை ஒண்ணுதானே. மறுநாள், இதுக்கு மேல இருக்கிற இன்னொரு சபை, மேல்சபை, அதுவும் சரின்னுச்சு. படகு சட்டமாயிடுச்சு.

வாசல்ல அவ திருவேங்கடத்தைப் பார்த்து, "அண்ணே, நீங்க வரலேன்னா இது நடந்திருக்காது," அப்படின்னா.

"எங்க கட்சி ஆபீஸ்ல சொல்லிடாதம்மா."

"சபைக் குறிப்புல ஏறிடுச்சே அண்ணே."

கதை கரை சேர்ந்தாச்சு. கண்ணை மூடு.