அறுபத்து நான்காவது காயம்

“இது வேணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு.”

தேவசகாயம் கையிலிருந்த கோலை மாதியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மாதி நிமிரவில்லை. மலைமேல் இருந்த அந்த கால்ஃப் மைதானத்தில் பத்தொன்பது வருடமாகக் குழி வெட்டுகிறவள் அவள். ஒட்ட நறுக்கிய புல்தரைக்கு கிரீன் என்று பெயர். பதினெட்டு கிரீன். தினமும் விடியுமுன், ஒவ்வொன்றிலும் புது இடத்தில் ஒரு குழி.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது. அவளுக்கு நாற்பத்தொன்று.

கோல், அறுபது டிகிரி லாப் வெட்ஜ். அதன் முகம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். சரியாக அடித்தால் பந்து நேரே மேலே எழுந்து, விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். தவறினால் கோல் பந்துக்கு அடியில் நழுவும். பந்து ஒரு சாண் நகரும்.

போன வருடம் கடைசிக் குழியில் அப்படித்தான் ஒரு சாண் நகர்ந்தது. ஒரே ஓர் அடியில் தேர்வு போனது.

நாளை மறுபடியும் தேர்வின் கடைசி நாள். முதல் முப்பது பேருக்குத்தான் தொழில்முறை ஆட்டக்காரர் அட்டை. தேவசகாயத்துக்கு இது நான்காவது முறை. ஐந்தாவது கிடையாது என்று மனைவி சொல்லிவிட்டாள். தேறாவிட்டால், இருபது வயதில் செய்ததுபோல, பிறத்தியார் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

“ஒரு கோச் சொல்றான், இது இல்லாதவன் ஆட்டக்காரனே இல்லையாம். இன்னொருத்தன் சொல்றான், தூக்கிக் குளத்துல போடணுமாம். பையில பதினாலு கோலுக்கு மேல வைக்கக் கூடாது. இதுக்காக ஒரு நல்ல கோலை வீட்ல விட்டுட்டு வர்றேன். சொல்லு.”

“என்கிட்ட ஏன் கேக்கறீங்க?”

“இந்த மண்ணைத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்.”

“நாளைக்குக் குழி எங்கேன்னு கேக்க வந்திருந்தா இப்பவே போயிடுங்கண்ணே. கையில வெட்டுற கருவி இருக்கு.”

“அந்த மாதிரி ஆள் இல்ல நான்!”

“அப்ப இப்படி வாங்க.”

பயிற்சி கிரீனின் ஓரத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு வாரமாக அவர் அந்தக் கோலோடு பழகிய இடம். புல் திட்டுத்திட்டாகப் பெயர்ந்து, சிவப்பு மண் தெரிந்தது.

“அறுபத்து மூணு காயம். எண்ணிட்டேன்.”

மணல் வாளியை அவர் காலடியில் வைத்தாள்.

“மூடுங்க. அப்புறம் பேசலாம்.”

“நாளைக்கு எனக்கு வாழ்வா சாவான்னு இருக்கு. என்னை மண்ணு அள்ளச் சொல்றியா?”

“என் புல்லுக்கு இன்னைக்கே அப்படித்தான் இருக்கு.”

பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டார். ஒவ்வொன்றாக மூடினார். ஒரு மணி நேரம் ஆயிற்று.

“அறுபத்திரண்டுதான் இருக்கு. நீ தப்பா எண்ணிட்ட.”

“முழங்காலைத் தூக்குங்க.”

தூக்கினார். அறுபத்து மூன்றாவது அங்கே இருந்தது.

மாதி பயிற்சி கிரீனின் நடுவில் ஒரு குழி வெட்டிக் கொடி நட்டாள்.

“இதைப் பையில வெச்சிட்டு, நூத்து முப்பது கஜம் தள்ளிப் போய் வேற கோலால மூணு பந்து அடிங்க.”

அடித்தார். மூன்றும் கிரீனில் விழுந்தன.

குழியை மூடிவிட்டு இடது விளிம்பில் வேறொன்று வெட்டினாள். விளிம்பிலிருந்து நாலே தப்படி. அதற்கு அப்பால் சரிவு.

“இன்னும் மூணு.”

அடித்தார். இரண்டு பந்து சரிவில் உருண்டு போயின.

“என்ன மாறிச்சு?” என்றாள்.

“குழி.”

“குழியை நகத்தினது நான். உங்களை நகரச் சொன்னது யாரு?”

அவர் முகம் சிவந்தது.

மாதி அவருடைய பையிலிருந்து அறுபது டிகிரியை உருவித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கொடி இருந்த இடத்திலேயே இருந்தது.

“இன்னும் மூணு.”

“சரிவுல விழுந்தா எதால எடுக்கறது?” என்று திட்டிக்கொண்டே அடித்தார். மூன்று பந்தும் கிரீனின் நடுவில் விழுந்தன.

தேவசகாயம் பந்துகளைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். அவள் கக்கத்தைப் பார்த்தார்.

“அப்ப இந்தச் சனியன்தான்!”

ஓடி வந்து கோலைப் பிடுங்கி முட்புதருக்குள் வீசினார்.

அதுவரை மாதி குரலை உயர்த்தவில்லை.

“போய் எடுங்க!”

“வேண்டாம்னு நீதானே...”

“நான் சொன்னேனா? எந்த வாயால சொன்னேன்? பத்தொம்போது வருஷத்துல, சொன்ன பேச்சு கேக்குற பந்து ஒண்ணுகூட நான் பாத்ததில்ல. நாளைக்கு அது எங்கயாவது போய் விழுந்து தொலைஞ்சா எதை வெச்சு எடுப்பீங்க? நாக்கை வெச்சா?”

முள் கிழித்த கையோடு கோலைக் கொண்டுவந்தார். அவள் முந்தானையால் அதைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

“வேணுமா, வேண்டாமா?” என்று கத்தினார்.

“மேகம் இறங்குது. வீட்டுக்குப் போங்கண்ணே.”

மறுநாள் பதினெட்டாவது குழி. நான்கு அடியில் முடித்தால் அட்டை.

கொடி இடது விளிம்பிலிருந்து நாலே தப்படியில் நின்றது. போன வருடம் நின்ற அதே இடம்.

தேவசகாயம் மாதியை மனதுக்குள் வைதார். முதல் அடி முடிந்து, நூற்று முப்பது கஜத்திலிருந்து இரண்டாவதை கிரீனின் நடுவுக்கு அடித்தார். அங்கிருந்து குழிக்கு இருபத்து நான்கு அடி தூரம். இரண்டு தட்டுத் தட்டி உள்ளே போட்டார்.

முப்பதாவது இடம்.

நேரே மாதியிடம் போனார்.

“வேணும்னே அங்க வெட்டியிருக்க!”

“காலையில அஞ்சு மணிக்குக் கமிட்டி காகிதம் கொடுத்தாங்க. காகிதத்துல போட்ட இடத்துல வெட்டினேன். அதுல உங்க பேர் இல்ல.”

அவர் மூச்சு வாங்கினார்.

“எத்தனை அடி வித்தியாசத்துல தேறினீங்க?”

“ஒண்ணு. இன்னும் ஒண்ணு கூடியிருந்தா போச்சு.”

“அந்தக் கோலை எத்தனை தடவை வெளிய எடுத்தீங்க?”

“ஒரே தடவை. ஏழாவதுல. நடுவுக்குத்தான் அடிச்சேன் மாதி, சத்தியமா நடுவுக்குத்தான். தண்ணிக் குழாயோட இரும்பு மூடியில பட்டுத் துள்ளி, மணல் பள்ளத்துக்குப் பின்னால போயிடுச்சு. வேற எதாலயும் எடுக்க முடியாது. எடுத்தேன். குழிக்கு ஒரு முழத்துல நின்னுது.”

“பாத்தேன். புல்லு பேந்திருந்துது. அறுபத்து நாலு.”

தேவசகாயம் அவள் காலடியில் இருந்த மணல் வாளியை எடுக்கக் குனிந்தார்.

மாதி அவர் கையைத் தட்டிவிட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஏழாவது கிரீனை நோக்கி நடந்தாள்.

“இதை நான் மூடறேன்.”